ராயபுரம் ரயிலடி

யானைக்கவுனியில் குடியிருப்போருக்கு ரயிலைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் வண்டிகளும், அதை நோக்கி வந்து சேரும் வண்டிகளும் இரவென்றும் பகலென்றும் பாராமல் அவர்களுடைய வீட்டோரமாகவே பேஸின் பிரிட்ஜுக்குப் போய் வந்துகொண்டிருக்கின்றன. ஆயினும், தென்னாட்டின் முதல் ரயில் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்று அங்கே பத்துப் பேரைக் கேட்டால், அவர்களில் பாதிப்பேராவது சென்ட்ரல் என்றே பதில் சொல்லுவார்கள். அது தவறு. முதல் வண்டி புறப்பட்ட இடம் அவர்களுக்கு வடகிழக்கே இரண்டு மைல் தூரத்துக்குள் இருக்கும் ராயபுரம். சென்ட்ரல் பிறந்தது அதற்குப் பதினேழு வருஷங்கள் கழித்துத்தான்.

இந்தப் பழங்கதையை இப்பொழுது கிளப்புவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சென்னையில் சென்ட்ரலும் எழும்பூரும் வண்டிகளைத் தாங்கமாட்டாமல் திணறுகின்றன. மூன்றாவது முனையமாகத் தாம்பரம் வந்துவிட்டது. நான்காவதாகப் பெரம்பூரைப் பற்றிப் பேச்சும் திட்டமும் நடைபெறுகின்றன. இத்தனை யோசனைகளுக்கும் நடுவே, எல்லாவற்றுக்கும் மூத்த ராயபுரத்தின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வடசென்னை ஜனங்களின் இந்தக் கோரிக்கை உயர் நீதிமன்றம் வரையில் சென்று வந்தது. ஆகவே, ராயபுரத்துக்குள்ள உரிமை இன்னதென்று எடுத்துச் சொல்லுவது நமது கடமையாகிறது.

ரயில் வருமுன் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1760-களின் பிற்பகுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரையில் வந்து போயிற்று. அந்தப் பீதியில், கறுப்பர் பட்டணம் என்று வெள்ளையர் அழைத்த ஊரின் மேற்கிலும் வடக்கிலும் கும்பெனியார் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவை ஊர் ஜனங்களிடமே வரியாக வாங்கிவிடுவதென்று கும்பெனியார் எண்ணினார்கள். ஜனங்கள் இணங்கவில்லை, வரி வசூலாகவில்லை என்று சரித்திரக்காரர் கூறுகின்றனர். மதிலும் பெரும்பாலும் மறைந்தது. வரியின் பெயர் மட்டும் 'வால் டாக்ஸ் ரோடு' என்று தெருவில் ஒட்டிக்கொண்டு நின்றது. கொடாத வரிக்கு இப்படி ஒரு ஞாபகச் சின்னம் வேறெந்த ஊரிலாவது உண்டோ, நாம் அறியோம். அந்தத் தெருவுக்கு இன்று வ.உ.சி. சாலை என்று பெயர். 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, போக்குவரத்து யாருடைய கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வியை வெள்ளையர் முகத்துக்கு நேரே எழுப்பிய வீரரின் பெயர், ரயில்பாதையை ஒட்டிய தெருவுக்கு அமைந்தது மிகவும் பொருத்தமே.

மதில் வரிக்குத் தப்பிய ஜனங்கள் ரயில் வரிக்குத் தப்பவில்லை. இங்கிலாந்தில் பங்கு சேர்த்து இந்தியாவில் ரயில் போட வந்த கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு வருஷத்துக்கு 5 சதவிகிதம் வரையில் வட்டி நிச்சயம் என்று ஸர்க்கார் வாக்குக் கொடுத்தார்கள். நிலமும் இனாம். மதராஸ் ரயில்வே கம்பெனியும் இந்த ஏற்பாட்டின் கீழ்த்தான் வேலையைத் தொடங்கிற்று. வருமானம் குறைந்தால் ஈடுகட்ட வேண்டியது இந்தியப் பொக்கிஷம். அந்தப் பொக்கிஷத்தை நிரப்பியவர்களோ நிலவரி கொடுத்த குடியானவனும் உப்பு வரி கொடுத்த ஏழையுமே. யானைக்கவுனியை அடுத்து 'சால்ட் கொட்டார்ஸ்' என்ற ரயில்வே சரக்கு நிலையம் இருக்கிறது. அதற்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த உப்புக் கொட்டாரங்களால்தான். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் வந்த உப்பு அங்கே குவிந்தது. ஸர்க்காரின் வரியைச் சுமந்துகொண்டு அங்கிருந்து வெளியே சென்றது. லண்டன் பங்குதாரரின் வட்டியும், ராயபுரத்துத் தூண்களும், ஆற்காடு வரையில் பதித்த தண்டவாளமும் அந்த உப்பு மூட்டைகளுக்குக் கடன்பட்டவை. இந்திய ரயில்வேக்கள் மொத்தத்தில் லாபம் காட்டத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில்தான். அதுவரையில் லண்டனுக்கு வட்டி தவறவில்லை. இங்கே வரி குறையவில்லை.

பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ந் தேதி முதல் பிரயாணி வண்டி ஓடிற்று. அடுத்த வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடிற்று. சென்னையிலும் பாதை போடும் வேலை 1853-ம் வருஷத்திலேயே துவங்கியது. எந்த இடத்தில் ஸ்டேஷன் கட்டுவது? கப்பல் வந்து நிற்கும் கடற்கரைக்கு அருகில் இருக்கவேண்டும். வர்த்தகர்கள் நிறைந்த கறுப்பர் பட்டணத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். இரண்டுக்கும் ஏற்றதாக, இராயப்பர் பெயரால் விளங்கிய படகோட்டிகளின் குப்பம் கிடைத்தது. கடலிலிருந்து சரக்கை உள்நாட்டுக்கும், உள்நாட்டிலிருந்து பருத்தியையும் தோலையும் கடலுக்கும் கொண்டு செல்வதே கம்பெனியாரின் முதல் நோக்கம். ஜனங்கள் பிரயாணம் செய்வதென்பது அவர்கள் கணக்கில் பிறகு வந்த விஷயம். ஆனால் நடந்தது வேறு. இந்தியன் ஜாதி பேதத்தாலும் வறுமையாலும் ரயிலேறமாட்டான் என்று சீமையில் சந்தேகப்பட்டவர்கள், மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைக் கண்டு வாயடைத்துப் போனார்கள்.

1856-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஆற்காட்டுக்கு, அதாவது இன்று வாலாஜா ரோடு என்று நாம் சொல்லும் இடத்துக்கு, சுமார் 65 மைல் பாதை. அன்றைய வைபவத்தில் நமது கவனத்தை இழுப்பது ஒன்று உண்டு. கவர்னரும் சுமார் 300 ஐரோப்பியரும் ஒரு வண்டியில் ஆற்காட்டுப் பக்கம் சென்றனர். இந்தியருக்குத் தனியாக வேறொரு வண்டி. அது திருவள்ளூர் வரையில் சென்று திரும்பியது. பணம் கொடுத்தவன் பாதி வழியில் திரும்பினான். விருந்துக்கு வந்தவன் கடைசி வரையில் போனான். தென்னிந்தியாவில் ரயில் பிறந்த நாளிலேயே ஜாதகம் இவ்வாறு கணிக்கப்பட்டுவிட்டது. ஒன்றைமட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த முதல் வண்டியின் பெட்டிகள் சீமையிலிருந்து இறக்குமதியானவை அல்ல. சென்னையிலேயே சிம்ப்ஸன் கம்பெனியின் பட்டறையில் செய்யப்பட்டவை. பட்டறை வெள்ளையருடையதுதான், ஆனாலும் மரத்தை இழைத்த கை நம்மவருடையதாகவே இருந்திருக்கும் என்று கருதுவதில் பிசகில்லை.

ஜூலை மாதம் 1-ந் தேதியிலிருந்து பொதுஜனங்களுக்கு வண்டிகள் ஓடத் தொடங்கின. அதற்கடுத்த பதினேழு வருஷங்கள் ராயபுரத்தின் ராஜயோக காலம். 1862-ம் வருஷத்துக்குள் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர்ப் பக்கம் வரையில் சென்றுவிட்டது. வங்கக் கடலோரத்தில் ஏறியவன் அரபிக் கடலோரத்தில் இறங்கலாம் என்பது அந்நாளில் சாமான்ய விஷயமா? 1871-ம் வருஷத்தில் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைப்பு ஏற்பட்டது. மாட்டு வண்டியில் மாதக் கணக்காகப் போன இடங்களுக்கு நாள் கணக்கில் போக முடிந்தது. காசிக்குப் புறப்பட்டவர்களுக்கும், வேலை தேடிப் பட்டணம் வந்தவர்களுக்கும், வெள்ளி நாணயத்தை மடியில் கட்டிக்கொண்டு கொள்முதலுக்குச் சென்ற வர்த்தகர்களுக்கும் ராயபுரமே வாசல்.

பின்னர் சென்ட்ரல் வந்தது. 1873-ம் வருஷத்தில் பார்க் டவுனில் புது ஸ்டேஷன் எழும்பிற்று. கோட்டைக்கும், கச்சேரிகளுக்கும், மவுண்ட் ரோடுக்கும், துரைமார்கள் வசித்த தோட்டங்களுக்கும் அது சமீபம். பேஸின் பிரிட்ஜிலிருந்து தெற்கே திரும்பி யானைக்கவுனியைத் தொட்டுக்கொண்டு போகும் கிளை அப்பொழுது ஏற்பட்டதுதான். முதலில் அது கிளை. நாளடைவில் அதுவே தாய்ப்பாதையாகி, ராயபுரத்துப் பாதை கிளையாயிற்று. வண்டிகள் ஒவ்வொன்றாகச் சென்ட்ரலுக்குப் போயின. 1908-ம் வருஷத்தில் தெற்குத் திசை வண்டிகளுக்கென்று எழும்பூர் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. ராயபுரத்தில் எஞ்சியிருந்தது ஆபீஸ் கௌரவம். மதராஸ் ரயில்வே, தென் மராட்டா ரயில்வேயுடன் 1908-ல் சேர்ந்து எம். அண்டு எஸ். எம். ரயில்வே ஆயிற்று. அதன் தலைமை ஆபீஸுக்கென்று சென்ட்ரலை அடுத்துப் பெரிய மாளிகை ஒன்று 1922-ம் வருஷம் டிசம்பர் மாதம் திறக்கப்பட்டதும் அந்தக் கௌரவமும் போயிற்று. அந்த மாளிகையையும் எழும்பூர் ஸ்டேஷனையும் கட்டிக்கொடுத்தவர் டி. சாமிநாத பிள்ளை என்ற நம்மவர்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ரயிலால் நாட்டுக்கு விளைந்த நன்மை தீமைகளைப் பற்றி நமது பெரியோர்கள் நிறைய வாதித்திருக்கின்றனர். ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்கும் ஏரிக்கும் கொடுங்கள் என்று கதறியவர் ஸர் ஆர்தர் காட்டன். அவர் வெள்ளையரே. ரமேச சந்திர தத்தரும் அதே வாதத்தைக் கணக்குகளுடன் எழுதிவைத்தார். 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அந்த வாதம் கண்முன்னே நிரூபணமாயிற்று. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலையாகக் குவிந்தன. ரயில் அவற்றை உள்நாட்டுக்குக் கொண்டும் சென்றது. ஆனால் அதை விலைகொடுத்து வாங்கக் குடியானவன் கையில் காசு இல்லை. பசியால் வாடியவர்களைக் கொண்டே ஸர்க்கார் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டுவித்தார்கள். ரயில் தானியத்தைச் சுமக்கும். தானியம் வாங்கும் சக்தியை அது சுமந்து வராது. இதைச் சொல்லுவதனால் நாம் ரயிலுக்கு விரோதிகள் என்று எவரும் எண்ணவேண்டாம். மகாத்மா காந்தி 1917-ம் வருஷத்தில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவஸ்தையைப் பற்றிப் பிரசுரம் எழுதியபோது, ரயிலை ஒழிக்கும்படி அதில் கேட்கவில்லை. டிக்கட் வாங்கியவனை மனுஷனாக நடத்தும்படி கேட்டார். நாமும் கேட்பது அவ்வளவே.

ரயில்கள் பிரஜைகளின் சொத்தாகி நெடுங்காலமாகிவிட்டது. எம். அண்டு எஸ். எம். கம்பெனியின் நிர்வாகம் 1944-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி ஸர்க்கார் வசம் வந்தது. 1951-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி தென்னக ரயில்வே உதயமாயிற்று. ஹாரிஸ் பிரபுவின் காலத்தில் யாருக்காக ரயில் என்று கேட்டால் லண்டனைக் கைகாட்டலாம். இன்று அப்படிக் கைகாட்ட வேறு ஆள் இல்லை.

இன்றைய ராயபுரத்தின் நிலை என்ன? பம்பாயில் முதல் வண்டி புறப்பட்ட கட்டடம் இப்பொழுது இல்லை. ஹௌராவின் ஆதிக் கட்டடமும் இல்லை. ராயபுரம் இருக்கிறது. இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே. நெடுநாள் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்ததை 2005-ம் வருஷத்தில் பழுதுபார்த்து வர்ணம் பூசினார்கள். அதற்காக ரயில்வே நிர்வாகத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் நெடிய தூண்களுக்கு வர்ணம் பூசிவிட்டால் போதுமா? கடற்கரை ஸ்டேஷனிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் திசையிலும் கும்மிடிப்பூண்டித் திசையிலும் செல்லும் மின்சார வண்டிகள் ராயபுரத்தில் ஒரு நிமிஷம் நிற்கின்றன; கொஞ்சம் பேர் இறங்குகிறார்கள், கொஞ்சம் பேர் ஏறுகிறார்கள், வண்டி நகர்ந்துவிடுகிறது. பக்கத்தில் மின்சார என்ஜின்களைப் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகை இருக்கிறது. நாடெங்கும் ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் என்ஜின்கள் அங்கே வந்து தங்கிப் போகின்றன. என்ஜினுக்கு இடமுண்டு, எக்ஸ்பிரஸுக்கு இடமில்லை என்பது ராயபுரத்துக்கு வாய்த்த விசித்திரமான விதி.

இதனால் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். காசிமேட்டு மீனவர், வண்ணாரப்பேட்டைத் தொழிலாளி, தண்டையார்பேட்டைக் குமாஸ்தா, திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைகளில் உழைப்பவர், எண்ணூரில் நிலக்கரித் தூசிக்கு நடுவே குடும்பம் நடத்துகிறவர் ஆகியவர்கள்தாம். பட்டணத்துக்கு மின்சாரம் வேண்டுமானால் புகைபோக்கி எழும்புவது வடக்கே; பெட்ரோல் வேண்டுமானால் சுத்திகரிப்பு ஆலை அமைவது வடக்கே; கப்பல் சரக்கு ஏற்றிய லாரிகள் இரவு முழுவதும் வரிசையாக நிற்பதும் வடக்கே. ஆனால் வசதி என்று வரும்போது பட்டணம் தெற்கே பார்க்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பாதைக்கும் திருவள்ளூர்ப் பாதைக்கும் புறநகர் மின்சார வண்டி வந்தது 1970-களின் கடைசியில்தான். இடையே கழிந்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு! தாம்பரம் பாதையில் ஒரு வண்டி தவறினால் சற்று நேரத்தில் மறு வண்டி பிடிக்கலாம். கும்மிடிப்பூண்டிப் பாதையிலோ, தவறவிட்டவன் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அத்திப்பட்டுக்கு வடக்கே எக்ஸ்பிரஸும் கூட்ஸும் போன பிறகுதான் புறநகர் வண்டிக்கு வழி. தொழிற்சாலைச் சங்கு புறநகர் வண்டிக்காகக் காத்திருப்பதில்லை. தாமதமாக வந்தவனுக்குக் கூலிதான் பிடிக்கப்படும்.

ராயபுரத்தை முனையமாக்கலாகாது என்பதற்குச் சில ஆக்ஷேபங்கள் கூறப்படுகின்றன. அவற்றை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஸ்டேஷனுக்குச் செல்லும் தெருக்கள் குறுகலானவை என்கிறார்கள், உண்மை. புறநகர் வண்டிகளின் பாதையில் நெடுந்தூர வண்டிகளைக் கலந்தால் இரண்டும் தாமதமாகும் என்கிறார்கள்; அதிலும் நியாயம் உண்டு. பெரம்பூர் பம்பாய்ப் பாதையிலேயே இருப்பதால் செலவு குறையும் என்பதையும் மறுப்பதற்கில்லை. பெரம்பூர் முனையமாவதை நாம் எதிர்க்கவும் இல்லை. அதுவும் தொழிலாளர் ஊரே. 1918-ம் வருஷத்தில் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று தோன்றிய இடம் அது.

ஆனால் தெரு குறுகல் என்ற நியாயம் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் பொருந்தாதா? மழை நாளில் சென்ட்ரல் வாசலில் அகப்பட்டுக்கொண்டவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். தெருவை அகலப்படுத்துவது மனுஷ யத்தனத்துக்கு அப்பாற்பட்ட காரியமல்ல. பாதை நெருக்கம் என்ற ஆக்ஷேபத்துக்கும் பரிகாரம் அருகிலேயே இருக்கிறது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023-ம் வருஷம் ஆகஸ்டு முதல் 2024-ம் வருஷம் அக்டோபர் வரையில் கடற்கரையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். பதினான்கு மாதம் ஜனங்கள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்து அந்தக் கஷ்டத்தைச் சகித்தார்கள். அவ்வளவு கஷ்டத்தின் பலன் கடற்கரையோடு நின்றுவிட வேண்டும் என்று யார் விதித்தது? கடற்கரையிலிருந்து ராயபுரம் ஒரே ஸ்டேஷன். தெற்கேயிருந்து எழும்பூர் வரும் வண்டிகளில் சிலவற்றை அங்கே கொண்டுசெல்லலாம். வடக்கேயும் மேற்கேயும் செல்லும் பாதைகளோ அந்த ஸ்டேஷனுக்கு நெடுநாளாகவே பழக்கமானவை. தெற்கு, வடக்கு, மேற்கு என்ற மூன்று திசைகளுக்கும் அந்த ஒரே இடத்திலிருந்து வண்டி விடலாம்.

வேறு சிலர், அதை ரயில்வே பொருட்காட்சி சாலையாக்கி, பழைய விளக்குகளையும் மணிகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று யோசனை கூறுகிறார்கள். நல்லெண்ணத்துடன் கூறப்படும் யோசனைதான். எனினும் நமக்குச் சம்மதமில்லை. வண்டி வராத ஸ்டேஷனில் டிக்கட் கொடுத்து வேடிக்கை காட்டுவதைவிட, பழைய தூண்களுக்கு இடையே புதிய பிரயாணி மூட்டையுடன் நடந்து போவதே அந்தக் கட்டடத்துக்குச் செய்யும் மரியாதை. ஒரு மூலையில் சரித்திரப் படங்களை மாட்டிவைக்கட்டும், ஆக்ஷேபமில்லை. படங்களை மாட்டும்போது திருவள்ளூரோடு திருப்பியனுப்பப்பட்ட அந்த இரண்டாவது வண்டியையும் மறவாமல் மாட்டட்டும்.

1924-ம் வருஷம் முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017-ம் வருஷத்தில் பொது பட்ஜெட்டுடன் சேர்க்கப்பட்டுவிட்டது. முன்பெல்லாம் ரயில்வே மந்திரி எழுந்து பேசும் ஒரு நாளில், எந்த ஊருக்கு எந்த வண்டி என்று நாடு முழுவதும் காது கொடுத்துக் கேட்கும். இன்று அந்தச் சந்தர்ப்பம் இல்லை. ஆகையால் வடசென்னையின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள், எக்கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், ராயபுரத்தின் வழக்கைச் சபையிலும் ரயில்வே போர்டிலும் இடைவிடாமல் நடத்தவேண்டும். ஊழியர்களும், வர்த்தக சங்கங்களும், தொழிற்சங்கங்களும் கையெழுத்து மகஜர்களுடன் அவர்களுக்குப் பக்கபலமாக நிற்கவேண்டும்.

முழு முனையமும் ஒரே நாளில் எழும்பவேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. முதல் காரியமாக, கும்மிடிப்பூண்டிப் பாதையில் காலையிலும் மாலையிலும் தொழிலாளர் போக்குவரத்து நேரத்தில் வண்டிகளை அதிகப்படுத்தட்டும். அத்திப்பட்டுக்கு வடக்கே கூடுதல் பாதை போடும் வேலையைத் துரிதப்படுத்தட்டும். அதனுடன், தெற்கே செல்லும் ஒரு வண்டியும் மேற்கே செல்லும் ஒரு வண்டியும் ராயபுரத்திலிருந்து புறப்படும்படி பரீட்சார்த்தமாக ஏற்பாடு செய்யட்டும். ஜனங்கள் வருகிறார்களா இல்லையா என்பதை டிக்கட் ஜன்னலே சொல்லிவிடும். அடுத்த கால அட்டவணையில் அந்த இரண்டு வண்டிகளையாவது எதிர்பார்க்கிறோம்.